சுன்னாகத்து எண்ணெயும் வலிகாமத்துக் கிணறுகளும்

சண்டிலிப்பாய் வழியே செல்லும் வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடும். வலிகாமத்து மக்களின் வாழ்வுக்கு ஆதாரம் கிணறே. மழைநீரைச் சேமிக்கும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே, சிந்திய எண்ணெயும் நிலத்தடி நீரைச் சென்றடையும். அங்ஙனம் பரவியபின் அதனை மீட்டல் மிக அரிது. ஆதலின் தாங்கிகளைச் சூழ்ந்த தடுப்புச்சுவர், கசியாத் தளம், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி ஆகியனவே உண்மையான காப்பு.

அயலிலுள்ள சுன்னாக அனல்மின் நிலையச் சூழலில் கிணறுகள் மாசுற்றமை குறித்து 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென நாட்டின் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இதனால் வலுப்பெற்றது. எனினும் ஈடு பின்னர் வருவது. தடுப்பு முன்னர் வேண்டுவது. தடுப்புக்கான செலவை ஆலை மிச்சப்படுத்துமாயின், அதனைக் குடிநீருக்கு அலையும் உழைப்பாளரே செலுத்துவர். எண்ணெய்க் கசிவு வெறும் தொழில்நுட்பத் தவறன்று. அது உற்பத்தி உறவு சார்ந்த வினாவுமாகும்.