ஏ.டி.எச்.டிக்கு என்ன மருந்துகள் உள்ளன? போருக்குள் வளர்ந்தவர்கள் அறிய வேண்டியவை

படித்தது மனதில் நிற்காது, தொடங்கிய வேலை முடியாது, ஓரிடத்தில் இருக்க முடியாது. எங்கள் ஊர்களில் இதைச் சொன்னால் “எல்லாம் சண்டை செய்த வேலை” என்பார்கள். 2006இல் சம்பூரிலிருந்து 11 வயதில் இடம்பெயர்ந்த எனக்கும் பல வருடங்களாக அதுவே பதிலாகக் கிடைத்தது. இப்போது திருகோணமலை நகரில் வசிக்கிறேன். ஏ.டி.எச்.டி எனப்படும் அவதானக் குறைபாட்டு மிகை இயக்கக் கோளாறுக்கு மருந்து எடுத்து வருகிறேன்.

போரா, பிறவியா?

ஷெல்லடியும் இடப்பெயர்வும் கண்டவர்களுக்கும் கவனம் சிதறும், தூக்கம் கெடும். அது உளவடுவாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. ஏ.டி.எச்.டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, வீட்டிலும் பாடசாலையிலும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

ஆகவே மருத்துவர் சிறுவயதைப் பற்றி விசாரிப்பார். என் தேர்ச்சி அறிக்கைகள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. அம்மா கூட வந்து, முதலாம் ஆண்டிலிருந்தே நான் எப்படி இருந்தேன் என்று சொன்னார். ஆவணம் இல்லாதவர்கள், தம்மைச் சிறுவயதில் அறிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

மருந்துகள்

மெதில்பெனிடேற்: உலகில் அதிகம் பயன்படும் மருந்துகளில் ஒன்று. மூளையில் டோபமின், நோராட்ரினலின் ஆகியவற்றின் செயற்பாட்டைக் கூட்டுகிறது. சாதாரண குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ 4 மணித்தியாலம் நிற்கும். நீண்ட நேர வகைகள் 8 முதல் 12 மணித்தியாலம் வரை நிற்கும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயரலாம்.

அற்றோமொக்செற்றின்: தூண்டி வகையைச் சேராதது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. குமட்டல் வரலாம். அரிதாகத் தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குளோனிடீன், குவான்பசீன்: மற்றவை பொருந்தாதபோது, பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுபவை. தூக்கக் கலக்கம் வரும், இரத்த அழுத்தம் குறையும். திடீரென நிறுத்தினால் அழுத்தம் சட்டென ஏறும்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முதலில் மருந்தல்ல, பெற்றோருக்கான பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது.

அடிமையாகிவிடுவோமா?

வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. மெதில்பெனிடேற் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. துஷ்பிரயோகம் செய்ய முடியும் என்பதே காரணம். மருத்துவர் சொன்ன அளவில், அவரது கண்காணிப்பில் எடுத்தால் அந்த ஆபத்து குறைவு. பிறருடன் பகிரவோ சுயமாக அளவைக் கூட்டவோ வேண்டாம். இதய நோய், வலிப்பு, வேறு மருந்துகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளினிக்கில் நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும், பிள்ளைகளுக்கு உயரமும்.

எங்கே போவது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் விசாரிக்கலாம். அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. 2022 நெருக்கடியில் கண்டதுபோல் மருந்துத் தட்டுப்பாடு வரக்கூடும். குளிசை முடியும்வரை காத்திராமல் முன்னதாகவே கிளினிக்கில் கேளுங்கள்.

மருந்து என் போர் நினைவுகளை அழிக்கவில்லை. அவற்றுக்காகத் தனியே உளவள ஆலோசனைக்குப் போகிறேன். ஆனால் தொடங்கிய வேலையை இப்போது முடிக்கிறேன்.