பாலையில் வெட்டிய பாறை

சம்பா நடவுக்கு முன், கடைசி உழவில் அடியுரமாக டி.ஏ.பி. இடுவது தஞ்சைத் தரணியில் வெகு இயல்பான வழக்கமாகிவிட்டது. மூட்டைக்கு 50 கிலோ. அதில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்து, 46 பங்கு மணிச்சத்து. நம் முன்னோர் அறிந்த உரமெல்லாம் ஆற்று வண்டலும், ஆட்டுக்கிடையும், கொழிஞ்சித் தழையும், எருக்குழியுமே. 1960-61இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டமும், அதன்பின் வந்த ஆடுதுறை 27 நெல்லும் இரசாயன உரத்தை வரப்பு வரை கொண்டுவந்து சேர்த்தன.

தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துவிடலாம். மணிச்சத்துக்கோ பாறையை வெட்டியாக வேண்டும். இராஜஸ்தானத்தின் ஜாமர்கோட்ராவைத் தவிரப் பெரிய இருப்பு நம் நாட்டில் இல்லை. ஆதலால் பாறையாகவும், அமிலமாகவும், உரமாகவும் கப்பலில் வரவழைக்கிறோம். அவ்வாறு கப்பலேறும் பாறையில் ஒரு பகுதி வெட்டப்படும் இடத்தின் கதை நம்மில் பலர் கேட்டறியாதது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், தமிழ்நாட்டைப் போல் இரு மடங்குப் பரப்புள்ள பாலை நிலம் மேற்கு சகாரா. 1884 முதல் அது ஸ்பெயினின் உடைமை. ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிந்த சஹ்ராவி மக்களின் அந்த நிலத்தில், 1947இல் பூ கிரா என்னுமிடத்தில் பாஸ்பேட் பாறை கண்டறியப்பட்டது. 1972இல் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. வெட்டிய பாறையை எல் அயூன் கரைக்குக் கொண்டுசெல்லும் நகரும் பட்டை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளம். தஞ்சையில் ஏற்றினால் நாகப்பட்டினத்தையும் தாண்டிக் கடலுக்குள் போய்விழும்! பட்டையிலிருந்து காற்றில் பறக்கும் வெண்துகள், விண்வெளியிலிருந்தும் ஒரு கோடாகத் தெரிகிறது.

1973இல் விடுதலைக்காகப் போலிசாரியோ முன்னணி தோன்றியது. 1975 அக்டோபர் 16இல், இம்மக்களின் தன்னுரிமையை மறுக்கத்தக்க இறையாண்மை உறவு மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் இல்லை என்று உலக நீதிமன்றம் கருத்துரைத்தது. மூன்று வாரத்தில், மூன்றரை இலட்சம் மொராக்கோ மக்கள் தம் மன்னரின் அழைப்பை ஏற்று எல்லை தாண்டினர். நவம்பரில் ஸ்பெயின் நிலத்தை அவ்விரு நாடுகளிடமும் ஒப்படைத்தது. சுரங்கத்தில் மட்டும் 35 விழுக்காட்டைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. மக்களை விட்டார்கள், பங்கை விடவில்லை! அந்தப் பங்கு 2002இல்தான் கைமாறியது.

1979இல் மொரித்தானியா விலகியது. மொராக்கோ எழுப்பிய 2,700 கிலோமீட்டர் மணல் மதில் இன்று நிலத்தைப் பிளந்து நிற்கிறது. சுரங்கமும் மீன்வளம் மிக்க கடலும் மதிலுக்கு மேற்கே. அல்ஜீரியாவின் திண்டூஃப் பாலையில் அகதி முகாம்கள் கிழக்கே. அங்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேலானோர் உதவி மாவும் பருப்பும் வாங்கி உண்டு ஐம்பதாண்டு ஆயிற்று.

மொராக்கோ அங்குச் சாலையும் துறைமுகமும் அமைத்தது என்பதை மறுக்க முடியாது. தாக்லாவில் நிலத்தடி நீரை இறைத்துத் தக்காளி விளைவித்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். ஆயினும், அம்மண்ணின் மக்களைக் கேட்டுத்தான் இவையெல்லாம் நடந்தனவா? அவர்கள் நலனையும் விருப்பத்தையும் புறக்கணித்து வளத்தை எடுத்தால் அது சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று ஐ.நா.வின் சட்ட ஆலோசகர் 2002இல் கூறினார். மீன், வேளாண் ஒப்பந்தங்களில் அம்மக்களின் இசைவு பெறப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கடைமடையில் நின்று, தன் பங்கு நீரைப் பற்றிப் பிறர் பேசி முடித்ததைக் கேட்டறிந்த உழவருக்கு இக்கேள்வியின் கனம் புரியும்.

இந்தியா 1985இல் சஹ்ராவி குடியரசை ஏற்றது. 2000இல் அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது. அங்கிருந்து பாறை ஏற்றிய கப்பல்கள் நம் நாட்டுக்கும் வந்துள்ளன என்று அவற்றைக் கண்காணிப்போர் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த மூட்டையில் எந்தப் பாறை என்று பிரித்தறிய வழியில்லை.

2017 மே மாதம், நியூசிலாந்துக்குச் சென்ற அத்தகைய சரக்கொன்று தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. பாறை சஹ்ராவிகளுக்கே உரியது என மறு ஆண்டு அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பதாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட அந்தச் சரக்கு ஏலத்துக்கு வந்தது, வாங்குவோர் முன்வரவில்லை.