எஞ்சாய் எஞ்சாமி (இசைக் காணொளி)

ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, அமித் கிருஷ்ணன் இயக்கத்தில், மாஜா நிறுவனம் 2021 மார்ச் 7ஆம் நாள் வெளியிட்ட தமிழ்த் தனிப்பாடலின் காணொளி. தோட்டத் தொழிலாளர் சரித்திரத்தை ஜனரஞ்சக இசையின் காட்சிமொழிக்குள் கொணர்ந்தமையால் விசேஷமாக ஆராயத் தக்கது.

பின்னணி

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமாறு வகுத்து, தலைமுறைகளாக மண்ணைப் பண்படுத்தியோரையே அம்மண்ணுக்கு அந்நியராக்கிற்று. இத்துயரமே பாடலின் ஜீவன்.

காட்சி நடை

திரைப்படப் பாடற்காட்சிக்குப் படத்தின் கதை ஆதாரமாக நிற்க, தனிப்பாடலின் காணொளியோ பாத்திரம், களம், காலம் அனைத்தையும் சில நிமிஷங்களுக்குள் தானே சிருஷ்டித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதை ஆராய்வோர் கதைப்போக்கு, வர்ணம், உடை, உடலசைவு, தாளத்தோடு இயைந்த காட்சித் தொகுப்பு ஆகிய அம்சங்களைத் தனித்தனியே நோக்குவர். பாடுவதையே காட்டுவன, கதை சொல்வன, குறியீட்டால் கருத்தைப் புலப்படுத்துவன என இசைக் காணொளிகள் மூவகைப்படும். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ (1983) இரண்டாம் வகைக்குப் பிரசித்தமான உதாரணம். இக்காணொளி முதல் வகையையும் மூன்றாம் வகையையும் பிணைப்பது.

வள்ளியம்மாளின் வாழ்க்கை இதில் நிகழ்ச்சி வரிசையாகச் சொல்லப்படவில்லை. அதற்குப் பிரதியாக அவரே அரியணை போன்றதோர் ஆசனத்தில் வீற்றிருக்க, நாயக நாயகியர்க்கே உரியதெனப் பழகிவிட்ட சட்டகத்தின் நடுவிடம் உழைத்து முதிர்ந்த ஒரு பெண்மணிக்கு வழங்கப்படுகிறது. ஒப்பாரியின் சாயலும் துள்ளும் தாளமும் கலந்த பாட்டுக்கு ஏற்ப, அழுத்தமான வர்ண உடைகளும் கூட்டு ஆட்டமும் பசுமை நிலமும் சேர்ந்து, சோகத்தை இரக்கத்துக்குரியதாக்கி விடாமல் கம்பீரமாக உயர்த்துகின்றன.

மலேசியத் தொடர்பு

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் 1896இல் ரப்பர் பயிரிட்டு வழிகாட்டியபின் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே வந்து, லயத்து வீடுகளில் குடியிருந்து, இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தமிழரின் சந்ததியார், பால்மரம் செம்பனையாகி, தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய காலத்தில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆகவே மலாக்காவின் பாயா ரும்புட் சுற்றுவட்டாரத்துத் தமிழர்க்கு, தேயிலைக்கும் ரப்பருக்குமுள்ள வேற்றுமையைக் கடந்து, இக்காணொளியின் கதை அயலாருடையதன்று.

மதிப்பீடு

மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி–நட்சத்திராவின் ‘வல்லவன்’ (2006) தொகுப்பும் அதன் ‘மடை திறந்து’ பாடலும் தமிழகம்வரை பரவியமை, இத்தகைய இசைக் கலைக்கு வேண்டிய திறமை மலேசிய மண்ணில் முன்னரே உண்டென்பதை நிரூபித்தது. இனி வேண்டுவது, பால்மரக் காட்டு வாழ்க்கையை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களை இத்தகைய கௌரவத்தோடு காமிராவின் முன் அமர்த்தும் முயற்சியாகும். அது மலேசியத் தமிழ்க் கலைஞரின் கடமை.