இலவசக் குடையும் இருபத்தைந்து ரூபாய்ப் பங்கும்

‘இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைத் தேடுகிற பழக்கம் எனக்கு உண்டு. மூன்று மாதம் இலவச இணையம், முதல் பத்து சவாரிக்கு பாதி விலை, சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. இதெல்லாம் போன் வந்த பிறகு வந்த வித்தை என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. தூத்துக்குடிக்காரங்க அப்படி நினைக்க மாட்டாங்க. 1907-லேயே அந்த ஊர்க் கடற்கரையில் ஒரு பெரிய நிறுவனம், ‘எங்கள் கப்பலில் ஏறினால் டிக்கெட் இலவசம், கையில் ஒரு குடையும் தருகிறோம்’ என்று சொன்னதாக அங்கே சின்னப் பிள்ளைகூட சொல்லும்.

அந்தக் குடையைப் பற்றித்தான் இந்த எபிசோடு. அந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிற விதத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கரையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். மன்னார் வளைகுடா முத்துக் கரை. கடலுக்கடியில் சிப்பிப் படுகைகளை ‘பார்’ என்பார்கள். பாரில் சிப்பி விளைந்த வருடங்களில் மட்டும் முத்துச் சலாபம், அதாவது அரசு மேற்பார்வையில் முத்துக்குளிப்பு நடக்கும். குளிப்பவர்கள் அள்ளிவந்த சிப்பியில் அரசின் பங்கைப் பிரித்துக் கரையிலேயே ஏலம் போடுவார்கள். ஏலத்தில் விற்றது முத்து இல்லை, திறக்காத சிப்பி. ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைச் சில நாள் அழுகவிட்டு, கழுவி, அலசினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது.

இப்படி ஒரு சந்தையில் ஏமாறாமல் பிழைக்க என்ன வழி? மாதிரி பார்ப்பது. சலாபத்துக்கு முன்னால் அரசே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு அறிவிக்கும். கெட்டிக்கார வியாபாரி அதையும் முழுசா நம்ப மாட்டார். முதல் நாள் கொஞ்சமாக வாங்கி, தானே திறந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெரிய தொகைக்குக் கேட்பார். விற்கிறவன் சொல்கிற மதிப்பு வேறு, உள்ளே இருப்பது வேறு என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட கரை அது.

இப்போ கப்பலுக்கு வருவோம். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பெரிய வாசல். ரயிலில் வந்து இறங்கி, சிறு படகில் ஏறி, ஆழம் போதாததால் கரையிலிருந்து சில மைல் தள்ளி நிற்கும் நீராவிக் கப்பலைப் பிடித்து, கொழும்பு போக வேண்டும். தேயிலைத் தோட்டக் கூலிகள், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், அரிசி, துணி, கருவாடு எல்லாம் இந்த வழியாகப் போயின. அந்த நாளில் நீராவிக் கப்பல் என்பதுதான் புதுத் தொழில்நுட்பம். காற்றை நம்பாமல், சொன்ன நேரத்தில் கிளம்பிச் சொன்ன நேரத்தில் சேரும். தோணிக்காரர்களால் அதோடு போட்டி போட முடியவில்லை.

அந்த வழியில் ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1856-இல் வேறு பெயரில் தொடங்கி, 1862-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனம். வங்காள விரிகுடாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை அதன் கப்பல்கள் ஓடின. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஏ அண்ட் எஃப் ஹார்வி. அதே ஹார்விதான் ஊரில் கோரல் மில்லையும் நடத்தினார்கள். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்.

அந்தக் காலத்து 25 ரூபாய் கூலிக்காரருக்கு எட்டாத தொகை. ஆனால் ஒரு சின்னக் கடைக்காரருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ, மனசு வைத்தால் எட்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த ஆளையே கப்பலுக்குச் சொந்தக்காரராக ஆக்குவது என்பது பெரிய யோசனை. ‘வெள்ளைக்காரன் கப்பலில் போகாதே’ என்று சொல்வது சுலபம். ‘அப்போ எதில் போறது?’ என்ற கேள்விக்கு வ.உ.சி. பதில் வைத்திருந்தார்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். எதிர்த்தரப்பு நெருக்கியதில் அந்த ஏற்பாடு முறிந்தது. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் கதை நடக்காது என்று புரிந்த வ.உ.சி. பம்பாய் போனார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றலாம்.

அப்புறம் தொடங்கியது விலைச் சண்டை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அடுத்துத்தான் இலவச டிக்கெட்டும் குடையும். இப்படித்தான் பாடப் புத்தகத்திலும் மேடையிலும் இந்தக் கதையைச் சொல்றாங்க. அதோடு ஒரு நீதியும் சேர்ந்துவிடும்: ‘நம்ம ஜனங்க ஒரு குடைக்காகச் சொந்தக் கப்பலைக் கைவிட்டாங்க.’

எனக்குச் சந்தேகம் இந்த இடத்தில்தான்.

பயணியின் இடத்தில் நின்று பார்ப்போம். தோட்டத்துக்குப் போகிற ஆள் ஏற்கெனவே கங்காணியிடம் கடன் வாங்கியவர். அவருக்கு எட்டணா என்பது வீட்டில் விட்டுவந்த குடும்பத்தின் சில நாள் சாப்பாடு. அவரிடம் போய், ‘எதிர்காலத்தில் கட்டணம் ஏறிவிடும், அதனால் இன்றைக்கு எட்டணா கொடு’ என்று சொன்னால், கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கின் பலன் நாட்டுக்கு, செலவு மட்டும் அவருக்கு. அப்படி இருந்தும் சுதேசிக் கப்பலில் ஆட்கள் ஏறினார்கள். ஏறாமல் இருந்திருந்தால் அவ்வளவு பெரிய கம்பெனி கட்டணத்தை அந்த அளவுக்கு இறக்கியிருக்கவே வேண்டாமே. விலையைக் குறைத்ததே மக்கள் அந்தப் பக்கம் போனதற்குச் சாட்சி.

இரண்டாவது, தேதிகளைப் பாருங்க. குடை 1907-இன் கதை. அதற்குப் பிறகும் சுதேசிக் கப்பல்கள் ஓடின. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள், ஊரே உதவியது. மார்ச் முதல் வாரம் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மில் யாருடையது? ஹார்வியுடையது. கப்பல் ஏஜெண்டும் அவர்கள்தானே. ஒரே வருடத்துக்குள் ஒரே வக்கீல் அவர்களைக் கடலிலும் தரையிலும் தொட்டுவிட்டார்.

மார்ச் 9-இல், விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடத் தடையை மீறி ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மார்ச் 12-இல் கலெக்டர் விஞ்ச், வ.உ.சி.யைக் கைது செய்தார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருடம் தீவாந்தரம் என்று தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டில் 6 வருடமாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை.

இந்த வரிசையில் கம்பெனியை மூழ்கடித்தது எது? குடையா, கைவிலங்கா? விலைச் சண்டையில் இரண்டு தரப்பும் நஷ்டம் பார்க்கும், உண்மைதான். கண்டம் விட்டுக் கண்டம் ஓடும் கம்பெனி ஒரு வழியில் வரும் நஷ்டத்தை இன்னொரு வழியின் லாபத்தில் ஈடுகட்டும். ஒரே வழியில் ஓடுகிற கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் நஷ்டத்தைத் தாங்கக் கூடுதல் பணம் திரட்டலாம், ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்கலாம். அதைச் செய்யக்கூடிய மனிதரைத்தான் அரசு தூக்கிச் செக்கில் பூட்டியது. அவருக்கு 40 வருடம் என்ற செய்தியைக் கேட்ட பங்குதாரர் அடுத்த பங்கு வாங்குவாரா? கம்பெனி இயக்குநர்களிலேயே சிலருக்கு அவர் அரசியல் பேசுவது பிடிக்காமல் இருந்தது. பயம் வெளியிலும் இருந்தது, உள்ளேயும் இருந்தது.

குடைக் கதை ஏன் இவ்வளவு நாள் நிலைத்தது? சொல்லச் சுவையாக இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. கூடவே, பழியை வாங்கினவர் தலையில் போட்டுவிடுகிறது. கலெக்டரையும் நீதிபதியையும் ஏஜெண்டையும் நாம் மறந்துவிடலாம், குடை வாங்கின கூலிக்காரரைத் திட்டலாம். அதனால்தான் கதையையும் சிப்பி மாதிரி திறந்து பார்க்கணும் என்கிறேன்.

இன்றைய விஷயத்துக்கு வருவோம். 2016 செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்த நாள். தற்செயலாக அதே நாளில்தான் ஜியோ சேவை தொடங்கியது. பல மாதங்கள் பேசுவதும் இணையமும் இலவசம். சந்தை விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கிறார்கள் என்று ஏர்டெல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. 2017-இல் ஆணையம் அந்தப் புகாரைத் தள்ளியது. புதிதாக வந்த நிறுவனத்துக்குச் சந்தையில் ஆதிக்கம் இல்லை, ஆதிக்கம் இல்லாதவர் விலையைக் குறைத்தால் அது குற்றம் ஆகாது என்பது காரணம். 2002-ஆம் வருடப் போட்டிச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

அந்த அளவுகோலை 1907-க்குக் கொண்டுபோனால், இலவசம் கொடுத்தது ஏற்கெனவே ஆதிக்கத்தில் இருந்த கம்பெனி. இன்றைய சட்டத்தில் அது நேரடியான கேள்விக்கு உள்ளாகியிருக்கும். 2016-இல் கொடுத்தது புதிதாக வந்தது, ஆனால் பின்னால் மிகப் பெரிய பணபலம் உள்ளது. இரண்டும் ஒன்றில்லை. நியாயமாகச் சொன்னால், 2015-இல் ஒரு ஜிபிக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இன்றும் இணையம் நமக்கு மலிவுதான். அதே நேரத்தில், பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் இப்போ தனியாரில் மூன்றுதான் பெரிய அளவில் மிச்சம். 2024 ஜூலையில் அந்த மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. பிடிக்கலைன்னா எங்கே போவீங்க?

அதனால் இலவசத்தைப் பார்த்தால் நான் இப்போ இரண்டு விஷயம் கேட்கிறேன். இந்த நஷ்டத்தை யார், எந்தப் பணத்தில் தாங்குகிறார்? போட்டியாளர் போன பிறகு எனக்கு வேறு வழி மிச்சம் இருக்குமா? இலவசத்தை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை பெய்தால் குடை வாங்கிக்கலாம், தப்பில்லை. ஆனால் வேறு வழியைக் காப்பாற்றும் வேலையை ஒவ்வொரு பயணியின் எட்டணாவின் மீது சுமத்த முடியாது. அது சட்டமும் நீதிமன்றமும் அரசும் செய்ய வேண்டிய வேலை. 1908-இல் அந்த மூன்றும் ஒரே பக்கம் நின்றன. நாம் கண்காணிக்க வேண்டியது அதைத்தான்.

தூத்துக்குடியின் கப்பல் வழிக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்ததும் இலங்கைப் பயணிகள் அந்தப் பக்கம் போனார்கள். வ.உ.சி. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியிலேயே காலமானார். முத்துச் சலாபம் 1961-உடன் நின்றது. புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகம் ஆனது, 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். அதே வருடம் ஜூன் மாதம் கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதத்திலேயே நின்றுவிட்டது. பெயர்ப்பலகையில் வ.உ.சி. இருக்கிறார். அவர் விட்ட வழியில் போக நமக்குக் கப்பல் இல்லை.