டோட்டோபாரா: ஓர் எல்லைப்புறச் சிற்றூரின் வரலாறும் குடித்தொகையும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நம்மைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் சோழர் கடற்படையையும் பல்லவர் சிற்பத்தையும் எண்ணுவதே நம்மவர் வழக்கம். அவற்றை எழுதப் புலமை மிக்கோர் சங்கத்தில் பலர் உளர். நாமோ, பிழைக்க வந்து குடியேறிய இந்த அலிப்பூர்துவார் மாவட்டத்திலேயே வடகோடியில் வாழும் ஒரு சின்னஞ்சிறு குலத்தாரைப்பற்றி எழுதத் துணிந்தோம். அவர்கள் பெயர் டோட்டோ. அவர்கள் ஊர் டோட்டோபாரா. ‘பாரா’ என்பது வங்காளியில் குடியிருப்பு. இக்குலத்தார்க்கு இந்தியாவில் வேறு ஊர் இல்லை.

இக்காலத்தில் வங்காளத்துத் தெருவில் நின்று ‘டோட்டோ’ என்று கூவினால் மின்கலத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நிற்கும். நம் பிள்ளைகள் அறிந்த டோட்டோ அவ்வளவே. வண்டிக்கும் குலத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மாதாரிஹாட் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வடக்கே, பூட்டான் மலைகள் எழத் தொடங்கும் அடிவாரத்தில், டோர்சா ஆற்றின் மேற்குப் பக்கமாக அவ்வூர் அமைந்துள்ளது. அந்த டோர்சா திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கில் பிறந்து, பூட்டானைக் கடந்து நம் நாட்டிற்கு இறங்கி வருவது. ஊருக்குப் பின்னே தாடிங் மலை. முன்னே தித்தி வனம். வழியில் ஹண்டாபாரா, லங்காபாரா தேயிலைத் தோட்டங்கள் தாண்டியபின், தித்தி, பாங்கிரி, ஹௌரி என்னும் ஆறுகளின் படுகைகள் குறுக்கிடுகின்றன. கோடையில் அவை உருண்டைக் கற்கள் பரந்த வெறும் வெளிகள். மழை பிடித்துவிட்டால் காட்டாறுகள். மலையில் பெய்த மழை எப்பொழுது இறங்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அவ்வூர் வெளியுலகினின்று துண்டிக்கப்படுவது வழக்கமாகவே இருந்து வந்துள்ளது.

இனி வரலாற்றிற்கு வருவோம். ‘துவார்’ என்பது வாயில் என்னும் பொருள்படும் வடசொல்லின் திரிபேயாகும். பூட்டான் மலைநாட்டினின்று சமவெளிக்கு இறங்கும் வழிகள் பதினெட்டு. அவற்றுள் பதினொன்று வங்காளத்தைச் சார்ந்தவை, ஏழு அஸ்ஸாமைச் சார்ந்தவை. இவ்வாயில்கள் பூட்டான் ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் டோட்டோக்கள் பூட்டானியரின் குடிகளாய், அவர்தம் சுமைகளை மலைக்கும் சமவெளிக்குமாக முதுகில் தூக்கிச் செல்லும் கட்டாய ஊழியம் செய்து வந்தனர். 1864இல் ஆங்கிலேயர்க்கும் பூட்டானுக்கும் போர் மூண்டது. 1865 நவம்பர் 11ஆம் நாள் சிஞ்சுலா உடன்படிக்கையின்படி துவார்கள் அனைத்தும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. மலையில் பிறந்து மலை நோக்கியே வாழ்ந்த ஒரு குலம், இருந்த இடத்தில் இருந்தவாறே, வேறோர் அரசின் குடியாயிற்று. அவர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் துவார்களின் தோற்றமே மாறியது. 1874இல் முதல் தேயிலைத் தோட்டம் தோன்றியது, சோட்டா நாகபுரியிலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர், காடுகள் அழிந்தன, புகைவண்டிப் பாதை வந்தது. டோட்டோக்கள் தோட்ட வேலைக்குப் பெருமளவிற் செல்லவில்லை. மருவா என்னும் கேழ்வரகையும் சோளத்தையும் விளைவித்து, பன்றி வளர்த்து, பூட்டான் மலைகளில் விளைந்த ஆரஞ்சுப் பழங்களைக் கூடைகளில் சுமந்து சமவெளிச் சந்தைகளுக்குக் கொணர்ந்து கூலி பெற்றனர். கட்டாயச் சுமை போய்க் கூலிச் சுமை வந்தது என்க. இக்காலத்தில் அவ்வூரின் பணப்பயிர் பாக்கு.

1889 முதல் சில ஆண்டுகள் மேற்குத் துவார்களை அளந்து தீர்வை விதித்த சண்டர் என்னும் ஆங்கில அதிகாரி இக்குலத்தாரைப்பற்றித் தம் அறிக்கையில் எழுதி வைத்தார். பின்னர் பி. கே. ராய் பர்மன் அவர்களும், ஜல்பைகுரியின் சாரு சந்திர சான்யால் அவர்களும் விரிவாக ஆராய்ந்தனர். சான்யால் அவர்களின் நூல் 1973இல் வெளிவந்தது.

குடிக்கணக்கைக் காண்போம். 1901ஆம் ஆண்டுக் கணக்கில் டோட்டோக்கள் 171 பேர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1951இல், 69 வீடுகளில் 321 பேர். அரை நூற்றாண்டுக் காலத்தில் நூற்றைம்பது பேரே கூடினர்! இவ்விடத்தில் புகைவண்டித் துறையைச் சார்ந்த நமக்கு ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. நாடு பிரிவினையுற்றபின் அஸ்ஸாமுக்கு இந்திய மண்ணிலேயே பாதை தேவைப்பட்டது. பழைய வங்காளத் துவார் ரயில்வே மாதாரிஹாட்டோடு நின்றிருந்தது. அங்கிருந்து டோர்சாவைக் கடந்து ஹாசிமாராவோடு இணைத்து, 1950 ஜனவரியில் அஸ்ஸாம் இணைப்புப் பாதையைத் திறந்தனர். ஈராண்டுக்குள் அவ்வளவு பெரிய வேலையை முடித்தது நம் துறையின் பெருமை என்பதில் ஐயமில்லை. அப்பாதையினின்று ஒரு நாள் நடைத் தொலைவில் ஒரு மக்களினமே 69 கூரைகளின்கீழ் அடங்கிக் கிடந்தது. நம் அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியலில் உள்ளோர் தொகை அதனினும் மிகுதியாக இருக்கும்.

இத்துணைக் குறைவுக்குக் காரணம் யாது? முதற் காரணம் மலேரியா. துவார் நாட்டுக் காய்ச்சல் அந்நாளில் பேர்போனது. அதனை ஆராயவே அரசினர் தனி மருத்துவர்களை அனுப்பினர். இக்குலத்தாரின் குருதியிலேயே ஒரு தனித்தன்மை காணப்படுகிறது. ஹீமோகுளோபின்-ஈ எனப்படும் மாறுபட்ட குருதி நிறமி இவர்களிடையே மிகப் பெருவாரியாக உள்ளது என்று மருத்துவர் கண்டுள்ளனர். மலேரியா மிகுந்திருந்த நாடுகளில்தாம் அது பெரிதும் காணப்படுகிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் பெருந்தீங்கில்லை. தாலசீமியா என்னும் குருதிக் குறையோடு சேர்ந்துவிட்டால் குழந்தைக்கு ஆபத்து விளையலாம். திருமணம் குலத்திற்குள்ளேயே நிகழ்வதால் இக்கவலை நீங்குவதில்லை. பதின்மூன்று கோத்திரங்கள் உண்டு. ஒரே கோத்திரத்தில் கொள்வினை கொடுப்பினை கூடாது. தாய்மாமன் மகளை மணப்பது முறை என்று அறிந்தபொழுது நமக்கு நம்மூர் நினைவு வந்தது. வரதட்சிணை இல்லை, இது மட்டும் நம்மூர் நினைவைத் தரவில்லை.

1951க்குப் பின் நிலைமை திரும்பிற்று. மலேரியா ஒழிப்பு வேலை நடந்தது, பள்ளி வந்தது, மருந்து வந்தது, மிகப் பின்தங்கிய பழங்குடி என்று அரசினர் தனிக் கவனம் செலுத்தினர். மேற்கு வங்கத்தில் அவ்வகையில் டோட்டோ, பிர்ஹோர், லோதா என மூன்றே குலங்கள் உள. நம் தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு உண்டு என்பதையும் அன்பர்கள் நினைவிற் கொள்க. 1991இல் டோட்டோக்கள் 180 வீடுகளில் 926 பேராயினர், 2001இல் 1184. இன்று ஏறத்தாழ 1600 பேர் இருப்பர். மறைந்தொழியும் என்று ஆராய்ச்சியாளர் அஞ்சிய குலம் நூறாண்டில் ஏறத்தாழ ஏழு மடங்காகப் பெருகியது. குடிக்கணக்கு ஏடுகளில் இத்தகைய வரியைக் காண்பது அரிது.

ஆயினும் அதே ஏட்டில் ஊரின் மொத்தத் தொகையைப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. டோட்டோபாராவில் இன்று டோட்டோக்கள் சிறுபான்மையினர். இதன் வேர் நிலத்தில் உள்ளது. ஊரின் பரப்பு ஏறத்தாழ 1997 ஏக்கர். அது முழுவதும் குலத்தாரின் பொது நிலமாக, ஊர்த்தலைவர் பெயரால் விளங்கி வந்தது. எவரும் எங்கும் உழலாம்; எவரும் விற்க முடியாது. 1969இல் நில அளவையின்போது பொது உரிமை முடிவுற்றுத் தனித்தனிப் பட்டா முறை வந்தது. அவ்வாறு டோட்டோக் குடும்பங்களின் பெயருக்கு வந்த நிலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எஞ்சியது அரசு நிலமாயிற்று. முன்னரே நேபாளத்திலிருந்து வந்து உழவு செய்தோரும், பின்னர் வந்தோரும் அங்கே நிலைபெற்றனர். கடை வைக்கப் பீகாரிகளும் வந்தனர். வந்தவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை, நாமும் வந்தவர்களே. அவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்த ஏழைகளே. ஆனால் பொது நிலத்தைப் பொதுவாகவே பதிவு செய்ய அந்நாளைய சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கலாகாதா என்ற எண்ணம் எழாமல் இல்லை. தாளில் ஒரு கட்டம் இல்லாமையால் ஒரு வழக்கம் அழிவதை எழுத்தர் வேலை பார்ப்போர் நன்கறிவர்.

மொழியின் செய்தி இதனினும் நுட்பமானது. டோட்டோ மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சார்ந்தது. நேபாளத்தின் தென்கிழக்கே ஜாப்பா, மொராங் பகுதிகளில் வாழும் தீமாலர் மொழி அதற்கு நெருங்கிய உறவென்பர். அக்கம்பக்கத்துப் பேச்சு நேபாளி. பள்ளிப் பாடம் வங்காளி. சினிமாவும் சந்தையும் இந்தி. ஆறு வயதுக் குழந்தை நான்கு மொழிகளுக்கிடையே நிற்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான் என்று சொல்வோர் உண்டு. ஒரு வேறுபாடு உள்ளது. நம் பிள்ளை தமிழை மறந்தால் ஒரு குடும்பத்திற்கு இழப்பு. விழுப்புரத்திலும் திருநெல்வேலியிலும் தமிழ் இருக்கவே செய்யும். டோட்டோபாராவில் ஒரு தலைமுறை மறந்தால், கேட்டுக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இந்தியாவில் வேறோர் ஊர் இல்லை.

இதனை அவர்களே உணர்ந்துள்ளனர். அக்குலத்தைச் சார்ந்த தனிராம் டோட்டோ அவர்கள், ஏடேறாத தம் மொழிக்கு ஓர் எழுத்து முறையை வகுத்து 2015இல் வெளியிட்டார். 2021 செப்டம்பரில் அவ்வெழுத்துகள் யூனிகோடு என்னும் உலகக் கணினி எழுத்துத் தொகுப்பில் இடம்பெற்றன. 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே 2023இல் அக்குலத்து வங்கி ஊழியர் ஒருவர் தம் மொழிச் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்று வெளியிட்டார். அவர் வங்காளி எழுத்தையே கையாண்டார். பிள்ளைகள் பள்ளியில் அறிந்த எழுத்தாதலால் எளிதிற் படிப்பர் என்பது அதன் பயன். சொந்த எழுத்தா, கற்ற எழுத்தா என்று அவ்வூரார் தாமே தீர்மானிக்கட்டும். இரண்டும் நடப்பது நன்றே என்பது நம் கருத்து.

பழைய வீடுகள் மரக்கால்களின்மேல் மூங்கிலால் கட்டி வைக்கோல் வேய்ந்தவை. கீழே பன்றிகள் இருக்கும். அவை இப்பொழுது அருகிவிட்டன. தகரக் கூரையும் செங்கற் சுவருமே மிகுதி. மருவாவிலிருந்து இறக்கும் ‘யூ’ என்னும் பானமும், இஷ்பா என்னும் தெய்வத்தின் வழிபாடும் தொடர்கின்றன.

சங்க அன்பர்கள் குடும்பத்தோடு சென்று காண விரும்பின் நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மாதாரிஹாட்டில் இறங்கி ஜீப் பிடித்து, ஆற்றுப் படுகைகளின் கற்களில் ஆடி அசைந்து செல்லவேண்டும், குழந்தைகளுக்குத் தலைசுற்றும். செவ்வாய்க்கிழமையாயின் சந்தையும் காணலாம் என்று சிலர் சொல்வர். நாளை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். தனபதி டோட்டோ நினைவு உயர்நிலைப் பள்ளியைக் கேட்டால் எவரும் காட்டுவர். நிழற்படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டுகிறோம். நூறாண்டுக்கு மேலாக அளக்க வந்தோரும் எண்ண வந்தோரும் படம் பிடிக்க வந்தோருமாகப் பலரைக் கண்டு அவர்கள் சலித்துள்ளனர்.