அதிபர் கதிரைக்கு முன்னால் ஒரு விண்ணப்பப் படிவம்

நூற்றாண்டு மலருக்கு நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதித் தரும்படிதான் சங்கச் செயலாளர் அக்கா கேட்டார். வைத்தியரிடம் வேறு என்ன கேட்பார்கள்? நான் வேறொன்றை எழுதுகிறேன். சென்ற ஒன்றுகூடலின்போது நம் பாடசாலையின் இளம் ஆசிரியைகள் மூவர் என்னிடம் வந்தார்கள். பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு, எப்போது, எப்படி என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் வெகு காலம் தெரியாது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. சட்டம் வந்தது; பாடசாலை பெரும்பாலும் ஒரு மடுவமாகவும் ஒரே ஆசிரியராகவும்தான் வந்தது. பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை மலைக்குப் போகும். குருவிட்டப் பகுதியில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. விடியுமுன் பால்வெட்டப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். வரவு இடாப்பில் முதலில் விடுபட்டது அவளுடைய பெயர்தான்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. இரண்டு முறையும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. இடையில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க ஆசிரியர் நியமனம் ஏது? நியமனமே இல்லாதவர் அதிபராவது எங்கே? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன. தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இரண்டு தோழிகள் ஒரே வருடத்தில் போய்விட்டதாக அம்மா சொல்வார். அவர்களில் ஒருத்தி, “நான் டீச்சராவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவளாம்.

1970களின் நடுப்பகுதியில் தொடங்கி 1980 அளவில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு முழுமையாக வந்தன. 1980களில் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கு ஆசிரிய நியமனங்கள் கிடைக்கத் தொடங்கின. 1988இலும் 2003இலும் நிறைவேறிய சட்டங்கள் நாடற்ற நிலையை முடித்து வைத்தன. கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை நம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. 1990களின் தொடக்கத்தில், பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது.

ஆனால் பயிற்றப்பட்ட ஆசிரியை என்பது ஏணியின் முதற்படிதான். மேற்படிகள் கொழும்புப் பக்கம் இருந்தன. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையில்; 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில்; கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமும் அங்கேதான். மலையகக் கல்வியை ஆராய்ந்து எழுதிய பேராசிரியர்கள் சோ. சந்திரசேகரன், தை. தனராஜ் போன்றோர் அந்தப் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. அந்தப் படிகளில் ஏற நம் பெண்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை ஒருவருடைய கதையால் சொல்கிறேன்.

எனக்குக் கணிதம் கற்பித்த டீச்சர் 1980களின் இறுதியில் நியமனம் பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆசிரிய கலாசாலையில் பயிற்சி முடித்தார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே வெளிவாரிப் பட்டமும் முடித்தார். பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தார். முதல் முறை, உரிய அலுவலகத்தில் சிபாரிசுக்கு வைத்த படிவம் முடிவுத் திகதிக்குப் பிறகுதான் வெளியே வந்தது. இரண்டாம் முறை தெரிவானார்; பதிலுக்கு ஆசிரியர் இல்லை என்று விடுவிக்கவில்லை. மூன்றாம் முறைக்கு ஆயத்தமானபோது 2003 மே மாத வெள்ளம் வந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சான்றிதழ்கள் சேறாகிவிட்டன. பிரதிகள் பெற ஓராண்டு அலைந்தார். அந்த நாட்களில் நான் வைத்திய மாணவி. அவருடைய படிவமொன்றைக் கொழும்பில் கையளித்தது நான்தான். “பிள்ளை, ரசீதை மறக்காமல் வாங்கு” என்று இரண்டு தரம் சொன்னார்.

வார இறுதிகளில் அவிசாவளை வழியாகப் பஸ்ஸில் போய் வந்து டிப்ளோமாவை முடித்தார். அதிபர் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தார். ஐம்பது வயதை நெருங்கும்போது கல்வி முதுமாணிக்கும் விண்ணப்பித்தார். அவருடைய ஆய்வு, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் ஏன் நின்று விடுகிறார்கள் என்பது. படிப்பு முடிந்ததும் அதை அலுமாரியில் வைக்கவில்லை. இடைவிலகும் பிள்ளையின் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே ஆள் போக வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். மாணவிகளுக்கு ஒழுங்கான மலசலகூடம் கட்டுவித்தார். பெரிய பரீட்சைக்கு முந்திய மாதங்களில் மாலை வகுப்பு நடத்தி, வீடு திரும்பப் பெற்றோரை முறை வைத்துத் துணைக்கு வரச் சொன்னார். அவர் காலத்துப் பிள்ளைகளில் ஒருத்தி இன்று என் வாட்டில் தாதி.

இளம் ஆசிரியைகளுக்கு, டீச்சரின் கதையிலிருந்து சில சொல்கிறேன். படிகளின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டதாரி ஆசிரியைக்கு முதலில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அதன்பின் கல்வி முதுமாணி. நிர்வாகத்தில் நாட்டமுள்ளோருக்குத் தேசிய கல்வி நிறுவகத்தில் கல்வி முகாமைத்துவ டிப்ளோமாவும் உண்டு. மீப்பேயிலுள்ள அதன் தலைமைத்துவ நிலையத்தில் அதிபர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. பட்டம் இல்லாத பயிற்றப்பட்ட ஆசிரியைக்குக் கல்விமாணி என்ற வழி திறந்தே இருக்கிறது. சிபாரிசுக்குரிய படிவத்தை முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்து, கொடுத்த திகதியை எழுதி வாங்குங்கள். சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை வேறொரு வீட்டிலும் வையுங்கள். “ஏன் படிக்க விரும்புகிறீர்கள்” என்ற கேள்விக்குப் பெரிய சொற்கள் வேண்டாம். உங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாத அந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். டீச்சர் அப்படித்தான் எழுதினார்.

பழைய மாணவியராகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. கட்டடத்துக்கும் சிலைக்கும் நிதி சேர்ப்பதில் நாம் கெட்டிக்காரிகள். நூற்றாண்டு நினைவாக, வருடம் ஓர் ஆசிரியையின் பட்டப்பின் படிப்புக் கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க இருக்கிறேன். முதல் வருடக் கட்டணத்தை நான் தருகிறேன். இன்னொன்று, பணத்தைவிடப் பெறுமதியானது: அவர் பரீட்சைக்குப் போகும் நாட்களில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். பதிலுக்கு ஆள் இல்லை என்ற ஒரு வரியால் டீச்சர் இழந்தது ஒரு வருடம். அந்த வரியை இனி யாரும் எழுத இடம் வைக்காதிருப்போம்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “முதல் ஆள் வர நானும் தயார். எட்டாம் வகுப்புக் கணிதமா?” என்று கேட்டார்.