ஓமோனும் உறைந்த கருவும்: ஒரு கல்கத்தா வரலாறு

சூலகத்தைத் தூண்டும் ஓமோன்களை ஊசிவழி செலுத்தினால் ஒரே மாதத்திற் பல முட்டைகள் முதிரும். ஆயின் கரு பதிவதற்கு வேண்டிய கருப்பையின் பக்குவம் குலையக்கூடும். இவ்விடர்ப்பாட்டாலேயே இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் ஓமோனைக் கைவிட்டனர். இயற்கையாய் முதிர்ந்த ஒற்றை முட்டையைக் கொண்டே 1978 யூலை 25இல் உலகின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தனர்.

கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாய் கண்ட வழி வேறு. மாதவிடாய் நின்ற மகளிரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஓமோனையே அவர் பயன்படுத்தினார். பக்குவம் குலைந்த கருப்பையிற் கருவை உடனே இடாது, 53 நாள்கள் உறைநிலையிற் காத்து, பின்வந்த இயற்கைச் சுழற்சியொன்றில் இட்டார். 1978 ஒக்டோபர் 3இல் பெண்மகவு பிறந்தது. கருவை உறையவைத்துப் பின்னர் இடும் இம்முறை இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மேற்கு வங்க அரசு அமைத்த குழுவோ அவர் கூற்றைப் பொய்யென்றது. யப்பான் சென்று தம் ஆய்வை விளக்கவும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஓமோன் ஆய்வாளரை 1981இல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினர்! அவ்வாண்டு யூன் 19இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தியாவின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தையை 1986இல் உருவாக்கியவரெனப் போற்றப்பெற்றவர் ஆனந்தகுமார். அவரே முகோபாத்தியாயின் ஆய்வுக் குறிப்புகளைப் பயின்று, அப்பெருமை முன்னவர்க்கே உரியதென 1997இல் எழுதினார்.